பெட்ரா பிராங்கா: விளக்கு யாருடையது, பாறை யாருடையது?

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், தென்சீனக் கடல் விரியத் தொடங்கும் இடத்தில், ஒரு கருங்கல் பாறை நிற்கிறது. ஓதம் வடிந்திருக்கும்போது அளந்தால் நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், பரப்பு 8,560 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இருந்ததில்லை. கடற்பறவைகள் தலைமுறை தலைமுறையாக எச்சமிட்டு அதை வெளுக்க வைத்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்த போர்த்துக்கீசிய மாலுமிகள் 'பெட்ரா பிராங்கா' என்றார்கள். மலாய்க்காரர்கள் 'பத்து பூத்தே' என்றார்கள். இரண்டுக்கும் பொருள் வெள்ளைப் பாறைதான். பொருள் ஒன்றாக இருந்தும், இரண்டில் எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பது இன்று அரசியல். ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் வம்பு வேண்டாமென்று நடுவில் சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டது.

பாறையின்மேல் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் என்று பெயர். 1851 அக்டோபர் 15 முதல் எரிகிறது. சிங்கப்பூர் பராமரிக்கும் கலங்கரை விளக்கங்களில் இதுவே மூத்தது. இந்தக் கோபுரத்தைக் கட்டியதால்தான் பாறை சிங்கப்பூருக்குப் போயிற்று என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் கதை அப்படி இல்லை என்பது தெரியும்.

முதலில், இங்கே விளக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். மலாக்காவிலிருந்து சீனத்துக்குப் போகும் கப்பல்களும் சீனத்திலிருந்து திரும்பும் கப்பல்களும் இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். டச்சுப் பயணி லின்ஸ்ஹோட்டன் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தப் பாறையைக் குறிப்பிட்டு, கப்பல்கள் இங்கே பெரும் ஆபத்தில் கடக்கின்றன என்று எழுதினார். பெட்ரா பிராங்கா தனியாகவும் இல்லை. அதற்குத் தெற்கே 0.6 கடல் மைலில் 'மிடில் ராக்ஸ்' என்ற பாறைக் கூட்டம். தென் தென்மேற்கே 2.2 கடல் மைலில் 'சவுத் லெட்ஜ்' என்ற திட்டு. இது ஓதம் வடிந்தால் மட்டும் தலை காட்டும், ஓதம் ஏறினால் மூழ்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் பாறையைவிட, பாதி நேரம் ஒளிந்திருக்கும் பாறையே மாலுமிக்கு எமன். 1824 முதல் 1851 வரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல பெரிய கப்பல்கள் உடைந்தோ தரைதட்டியோ போயிருக்கின்றன.

விளக்குக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் அந்தப் பாறையில் ஒரு கல்லையும் எடுத்து வைத்தவரல்லர். விளக்கு எரிவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் 1762இல் பிறந்து, நிலக்கரிக் கப்பல்களில் தொடங்கி, பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டு மீண்டு, கடைசியில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து சேர்ந்தவர். 1786இல் அவர் பணிபுரிந்த 'அட்லஸ்' கப்பல் தியகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. காரணம் கப்பலில் இருந்த தவறான கடல் வரைபடம். இந்த ஒரு விபத்து அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அதன்பின் போன இடமெல்லாம் ஆழம் பார்த்தார், கரையைக் குறித்தார், காற்றழுத்தமானியைக்கூட விடாமல் பதிவு செய்தார். 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைவாளர் ஆனார். கிழக்குக் கடல்களுக்கான அவருடைய வழிகாட்டி நூல் கப்பல் தலைவர்களுக்கு வேதப் புத்தகம் போல ஆயிற்று.

1836இல் அவர் இறந்த செய்தி காண்டனை எட்டியதும், அங்கிருந்த வணிகர்கள் கூடி ஒரு நினைவுச் சின்னத்துக்குப் பணம் திரட்டினார்கள். ஜார்டின் மாத்தசன் நிறுவனம் அதில் முன்னின்றது. அபினி விற்று வளம் கண்ட நிறுவனம் அது; தானம் என்றதும் தூய கைகளை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆனாலும் சிலை வேண்டாம், சீனக் கடல் வழியில் ஒரு விளக்கு வேண்டும் என்று அவர்கள் நினைத்தது நல்ல முடிவு. வரைபடக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் கிடைக்காது.

அதற்கு இடம் தேர்வதில்தான் ஆண்டுகள் ஓடின. நீரிணையின் பல முனைகளைப் பார்த்தார்கள். 1844 நவம்பரில் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பட்டர்வொர்த், ஜொகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் கடிதம் எழுதினார். தெமெங்கோங் என்பது அன்றைய ஜொகூரில் உண்மையான அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவரின் பட்டம். ஆளுநர் எழுதிய கடிதங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இருவரும் அனுப்பிய பதில்கள் மட்டும் இருக்கின்றன: ஜொகூர் கரையிலுள்ள ரொமேனியா முனைக்கு அருகே விளக்கு கட்டிக்கொள்ளலாம், எங்களுக்கு மகிழ்ச்சிதான் என்ற வகையில். அந்தப் பதில்கள் பெட்ரா பிராங்காவையும் சேர்த்துச் சொல்லப்பட்டவையா, அருகிலிருந்த வேறொரு பாறையை மட்டும் குறித்தவையா? நூற்று அறுபது ஆண்டுகள் கழித்து வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியை நாள் கணக்கில் வாதிட்டார்கள். கேள்வித்தாள் தொலைந்துபோய் விடைத்தாள் மட்டும் கையில் இருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?

கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்து, பதினேழு வயதில் பினாங்கு வந்து, இருபது வயதில் சிங்கப்பூரின் அரசு நில அளவையாளர் ஆனவர். கலங்கரை விளக்கம் எதையும் அதற்குமுன் கட்டியதில்லை. ஆனால் அவசரப்படாத மனிதர். 1847இல் பாறையின்மேல் சில செங்கல் தூண்களை எழுப்பிவிட்டுத் திரும்பினார். வடகிழக்குப் பருவக்காற்று வந்து போகும்வரை காத்திருந்தார். அலை சிலவற்றை அடித்துக்கொண்டு போயிருந்தது. எந்த உயரம்வரை அலை ஏறுகிறது, எங்கே செங்கல் நிற்காது என்பதைக் கடலே சொல்லிவிட்டது. செங்கலைக் கைவிட்டார். சிங்கப்பூருக்கு வடகிழக்கே உள்ள உபின் தீவின் கருங்கல்லைத் தேர்ந்தார். பொறியியல் வரலாற்றில் இந்தச் செங்கல் தூண்களுக்கு யாரும் பெரிய இடம் கொடுப்பதில்லை. எனக்கோ இந்தக் கோபுரத்தின் உண்மையான அடிக்கல் அவைதான் என்று தோன்றுகிறது.

சடங்குக்கான அடிக்கல் 1850 மே 24 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்த நாளில் நாட்டப்பட்டது. சிங்கப்பூரின் 'ஸெட்லாண்ட்' ஃபிரீமேசன் சங்கத்தார் தங்கள் முறைப்படி அதைச் செய்தார்கள், ஆளுநரும் வந்திருந்தார். ஜொகூர் தரப்பில் அன்று யாரும் இல்லை. சில நாள் கழித்துத் தெமெங்கோங் தம் ஆட்களோடு பாறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். வந்தவர் ஆட்சேபித்ததாகவும் இல்லை, அனுமதி கொடுத்ததாகவும் இல்லை. பார்த்தார், போனார், அவ்வளவே.

வேலை கடலின் நாட்காட்டிப்படி நடந்தது. ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை மட்டுமே பாறையில் நிற்க முடியும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் படகே அணையாது. கல், சுண்ணாம்பு, மரம், குடிநீர், அரிசி எல்லாம் படகில்தான் வர வேண்டும். சீனக் கல்தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், இந்தியக் கைதிகள் என்று பல மொழி பேசும் கூட்டம் அந்த இரண்டு ஏக்கரில் அடைந்து கிடந்தது. கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளில் தண்டிக்கப்பட்டவர்களைக் கடல் கடத்திச் சிங்கப்பூரில் வேலை வாங்கிய காலம் அது. சென்னை மாகாணத்திலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அன்றைய சிங்கப்பூரின் சாலைகளிலும் தேவாலயச் சுவர்களிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. அளவையாளர் பெயர் நிற்கிறது, ஆளுநர் பெயர் நிற்கிறது. அந்தக் கைதிகளின் பெயர்களை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

மொத்தச் செலவு 23,665 ஸ்பானிய டாலர் 87 சென்ட். காண்டன் வணிகர்கள் திரட்டிய தொகை போதவில்லை. மீதியைக் கம்பெனி அரசு கொடுத்தது. அதை மீட்க 1852இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றிக் கப்பல்கள்மேல் விளக்கு வரி விதித்தது. வரியில்லாத் துறைமுகம் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட சிங்கப்பூர் வணிகர்களுக்கு இது கசந்தது. இந்தச் சட்டம்தான் விளக்குக்கு ஹார்ஸ்பர்க் என்ற பெயரை முறைப்படி சூட்டி, கோபுரத்தைக் கம்பெனியின் உடைமையாக்கியது. கோபுரத்தை என்கிறேன், பாறை யாருடையது என்று சட்டம் வாய் திறக்கவில்லை.

தாம்சனுக்கு இந்த வேலை உடலை உருக்கிவிட்டது. 1853இல் சிங்கப்பூரை விட்டுப் போனவர் பின்னர் நியூசிலாந்தில் குடியேறி, அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். போகும்போது மலாய் மொழியையும் எடுத்துக்கொண்டு போனார். மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாற்றிலிருந்து பல பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1874இல் வெளியிட்டார். நாகூரில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்து, மலாக்காவில் தமிழும் படித்து வளர்ந்த அந்த அப்துல்லாவேதான். தாம்சன் தன் கோபுரத்தை நீர்வண்ணத்தில் வரைந்த ஓவியம் இன்று நியூசிலாந்தின் டனீடன் நகரில், ஹாக்கன் நூலகத்தில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கலங்கரை விளக்கம் என்பதற்குக் கலத்தை அழைக்கும் விளக்கம் என்று பொருள் கொண்டார். கரைதல் என்றால் அழைத்தல். பூம்புகார்த் துறையின் விளக்கு அழைத்திருக்கும். ஹார்ஸ்பர்க் விளக்கோ அழைப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. அங்கே இறங்கத் துறை இல்லை, விற்க வாங்க ஆள் இல்லை. விலகிப் போ என்பதுதான் அதன் வேலை. யாரும் வரக் கூடாது என்று சொல்வதற்காகக் கட்டிய இடத்துக்கு இரண்டு அரசுகள் உரிமை கோரி வந்து நின்றது விந்தைதான்.

1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஜொகூர் சிங்கப்பூரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, அதன் கரையிலிருந்து பத்து மைல் தூரம் வரையிலான கடலும் தீவுகளும் சேர்ந்து போயின. பெட்ரா பிராங்கா இருப்பதோ சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைலில். ஜொகூர் கரையிலிருந்து 7.7, இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6. ஆகவே ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கு இதில் எதுவும் கிடையாது. ஹேக் நீதிமன்றத்தில் சிங்கப்பூர், இந்தப் பாறை 1847இல் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்று வாதிட்டது. நீதிபதிகள் ஏற்கவில்லை. 'ஓராங் லாவுட்' எனப்படும் கடலோடி மக்கள் ஜொகூர் ஆட்சிக்குக் கட்டுப்பட்டு இந்தக் கடலில் மீன்பிடித்து வாழ்ந்தார்கள். அதுவே ஜொகூரின் பழைய உரிமைக்குச் சான்று என்றார்கள். 1843இல் சிங்கப்பூரில் வெளியான 'சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்' ஏடு, கடற்கொள்ளை பற்றி எழுதும்போது பத்து பூத்தேயை ஜொகூர் ஆட்சிப் பரப்பில் சேர்த்துச் சொல்லியிருந்தது. சொந்த ஊர்ப் பத்திரிகையே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னது.

ஆக, கட்டியபோது பாறை ஜொகூருடையது என்பது தீர்ப்பின் முதல் பாதி. இதை மலேசியாவிலேயே பலர் கவனிப்பதில்லை.

பிறகு எப்படிக் கைமாறியது? விளக்கு எரித்ததாலா? அப்படியானால் பீசாங் தீவின் கதி என்ன என்று கேட்க வேண்டும். மலாக்கா நீரிணைப் பக்கம், ஜொகூரின் மேற்குக் கரையை ஒட்டிய பீசாங் தீவிலும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதையும் சிங்கப்பூர்தான் நடத்துகிறது. ஆனால் அந்தத் தீவு மலேசியாவுடையது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. 1900இல் ஜொகூர் சுல்தான் விளக்குக்கான இடத்தை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறார். 1968இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா, சிங்கப்பூர் இறக்கியது. அதே காலத்தில் பெட்ரா பிராங்காவிலும் சிங்கப்பூரின் கடல்சார் கொடி பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மலேசியா ஒரு சொல் சொல்லவில்லை. வழக்கில் இந்த மௌனம் பெருங்குரலாக ஒலித்தது.

மௌனம் மட்டும் இருந்திருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். ஒருமுறை பேசியும் விட்டார்கள். 1953 ஜூன் 12 அன்று சிங்கப்பூர்க் காலனி அலுவலகத்திலிருந்து ஹைம் என்ற அதிகாரி ஜொகூருக்கு எழுதினார்: காலனியின் கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, பெட்ரா பிராங்காவைக் குத்தகைக்கோ தானமாகவோ கொடுத்த ஆவணம் ஏதும் உங்களிடம் உண்டா? கேள்வி தெளிவானது, எதற்காகக் கேட்கிறோம் என்பதும் அதிலேயே இருந்தது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலர் பதில் அனுப்பினார். பெட்ரா பிராங்காவின் உடைமையை ஜொகூர் அரசு கோரவில்லை என்பதே அதன் சாரம். ஒரே வாக்கியம். அதைப் படித்த சிங்கப்பூர் அதிகாரி, இதை வைத்து நாம் பாறைக்கு உரிமை கோரலாம் என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

இந்த வாக்கியத்துக்கு விளக்கம் சொல்ல மலேசியா படாத பாடுபட்டது. உடைமை வேறு, இறையாண்மை வேறு என்றது. ஒரு தற்காலிகச் செயலருக்கு நிலத்தைத் துறக்கும் அதிகாரம் இல்லை என்றது. நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. அந்த அதிகாரிமீது இன்று கோபப்படுவது எளிது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரி தெரியும். 1953இல் கடல் எல்லை என்பது கரையிலிருந்து மூன்று மைல். இரு பக்கமும் பிரிட்டிஷ் ஆதிக்கம். விளக்கை நூறு ஆண்டுகளாகச் சிங்கப்பூர் நடத்துகிறது, செலவும் அவர்களுடையது. எச்சம் படிந்த இரண்டு ஏக்கருக்கு யார் கோப்பைப் புரட்டுவார்கள்? மலேசியா தன் கடல் எல்லையைப் பன்னிரண்டு கடல் மைலாக நீட்டியது 1969இல். இப்படிப்பட்ட பாறைகளுக்கு விலை வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். விலை தெரியுமுன்பே ஜொகூர் கைவிரித்திருந்தது.

அதன்பின் சேர்ந்துகொண்டே போனவை பல. பாறைக்கருகே நடந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. மலேசிய அதிகாரிகள் ஆய்வுக்காகப் பாறைக்கு வர நினைத்தபோது, சிங்கப்பூர் அனுமதி கேட்கச் சொன்னது. அவர்களும் விவரம் கொடுத்தார்கள். 1977இல் அங்கே சிங்கப்பூர்க் கடற்படை ஒலிபரப்புக் கருவி வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் அரசு முத்திரையோடு அச்சிட்ட வரைபடங்கள் சிலவற்றில், தீவின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'சிங்கப்பூர்' என்று இருந்தது. தவறான வரைபடத்தால் கப்பலை இழந்த ஹார்ஸ்பர்க்கின் பெயர் தாங்கிய இடம், வரைபடத்தாலேயே கைமாறத் துணைபோயிற்று.

1979 டிசம்பர் 21 அன்று மலேசியா வெளியிட்ட புதிய வரைபடம் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. இருபத்து மூன்று ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 2003இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஹேக் நீதிமன்றம் போயின. தென்கிழக்காசிய அண்டை நாடுகள் இப்படி இணங்கி வழக்காடியது பாராட்டத் தக்கது. 2007 நவம்பரில் விசாரணை. சிங்கப்பூர்த் தரப்பில் டாமி கோவும், அன்றைய துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமாரும் முன்னின்றார்கள், இருவரும் சேர்ந்து பின்னர் இந்த வழக்கைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள். பாறைக்கும் ஜொகூர் கரைக்கும் எவ்வளவு நெருக்கம் என்று காட்ட மலேசியா ஒரு புகைப்படத்தைக் காட்டியது. லென்ஸ் செய்த மாயத்தால் கரை பக்கத்தில் வந்துவிட்டது என்று சிங்கப்பூர் எடுத்துக்காட்ட, அதுவே தனி விவாதமாயிற்று.

2008 மே 23 அன்று தீர்ப்பு. 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று பன்னிரண்டு நீதிபதிகளும், இல்லை என்று நால்வரும் சொன்னார்கள். மிடில் ராக்ஸில் விளக்கு இல்லை, கடிதம் இல்லை, கொடி இல்லை. எனவே பழைய உரிமை அப்படியே நின்று அது மலேசியாவுக்குப் போயிற்று. அதாவது ஜொகூரின் மூல உரிமை என்பது வெறும் பேச்சன்று, 0.6 மைல் தள்ளி இன்றும் உயிரோடிருக்கிறது.

மறுத்தவர்களில் சிம்மா, ஆபிரகாம் இருவரும் சேர்ந்து எழுதிய கருத்தில் ஒரு நியாயம் எனக்குப் படுகிறது. நிலம் எந்தச் சட்ட வழியில் கைமாறியது என்பதை நீதிமன்றம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மறைமுக உடன்பாடா, இணங்கிய மௌனமா, நெடுங்கால அனுபோகமா? எல்லாவற்றையும் 'இரு தரப்பின் நடத்தை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. கிராமத்துப் பஞ்சாயத்தில் வேலித் தகராறுக்கு அது போதும். ஒரு நாட்டின் இறையாண்மைக்குப் போதுமா? ஆனால் முடிவு தவறு என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. தன் நிலம் என்று நினைப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கேட்கும்போது இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் கால் நூற்றாண்டு சும்மா இருந்தால், பிறகு நீதிமன்றத்தில் அழுது பயனில்லை.

வழக்கு அதோடு ஓயவில்லை. 2017இல் தீர்ப்பைத் திருத்தக் கோரியும் விளக்கக் கோரியும் மலேசியா இரு மனுக்கள் போட்டது. 2018 மே மாதம், ஆட்சி மாறிய கையோடு, இரண்டையும் திரும்பப் பெற்றது. 2024இல் மலேசியா அரச விசாரணை ஆணையம் அமைத்து, யார் எங்கே தவறினார்கள் என்று தோண்டியது. சிங்கப்பூர், பாறையை ஒட்டி ஏறத்தாழ ஏழு ஹெக்டேர் கடலைத் தூர்க்கும் திட்டத்தை 2019இல் அறிவித்தது. கோபுரத்தில் 1988 முதல் சூரிய மின்சாரமும் தானியங்கி விளக்கும்.

சவுத் லெட்ஜ் என்ற அந்த மூழ்கும் திட்டு, எந்த நாட்டுக் கடலுக்குள் இருக்கிறதோ அந்த நாட்டுக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே கடலெல்லை எது என்பதை வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதால் வரையவில்லை. பெட்ரா பிராங்காவின் கடலும் மிடில் ராக்ஸின் கடலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் அது கிடக்கிறது.